வேகம் கூடினால் ரீங்காரம்: பேரிங்கா, டயரா?

கேள்வி: என்னுடையது 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் இரண்டு நாள் முக்கால் சக்கரம் தண்ணீரில் நின்ற வண்டி. இப்போது சில மாதங்களாக 50-ஐத் தாண்டினால் ‘ம்ம்ம்...’ என்று ஒரு சத்தம். 80-இல் பாட்டே காதில் விழுவதில்லை. வலது பக்கம் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் அடங்குகிறது. பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் பேரிங் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (பள்ளிக்கரணை வாசகர்)

பதில்: நான்கும் வேண்டாம். பேரிங் என்பது சக்கரம் இலகுவாகச் சுழல உதவும், உள்ளே உருண்டைகள் கொண்ட வளையம். எல்லா பேரிங்கும் ஒரே தண்ணீரில் நின்றிருந்தாலும் எல்லா சீலும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் மூடி) ஒன்றாக விடாது. ஏதோ ஒன்றில் நீர் புகுந்து, கிரீஸ் கெட்டு, ரேஸில், அதாவது உருண்டைகள் ஓடும் தடத்தில், துருப்புள்ளி விழுந்திருக்கும். அதன் மேல் உருண்டைகள் ஓடும்போதுதான் இந்த ரீங்காரம். ஆனால் அதுவும் இப்போதைக்கு என் சந்தேகம்தான். பேரிங்கைத் தொடுவதற்கு முன்னால் டயரைப் பாருங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் இதே போன்ற சத்தத்துக்கு முன் பேரிங் இரண்டையும் மாற்றி, பெருமையாக ஓட்டிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருந்தது. டயர்தான் காரணம். பேரிங் காசு என் கையிலிருந்து போனது.

டயர் சோதனைக்குக் கை போதும். வண்டியை நிறுத்தி, டயரின் மேல் பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். கம்பி ஏதும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போல் உரசினால் அலைன்மென்ட்டில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரியில்லை. சுற்றுவாக்கில் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரையும் சந்தேகப்படலாம். இரண்டுமே ரீங்காரம் போடும். அப்புறம் இன்னொரு அடையாளம்: டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். புதுத் தாரில் அடங்கும், கான்கிரீட்டில் ஏறும். பேரிங்குக்கு எந்த ரோடாக இருந்தாலும் ஒன்றுதான். இன்னும் குழப்பமா? முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் விஷயம் முடிந்தது.

அடுத்து கியர்பாக்ஸ். காலியான, சமமான ரோட்டில் 60-இல் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம். அணைத்தால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்குக்கும் பலம் குறையும். எஞ்சின் சுற்று இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் அது எஞ்சினிலிருந்து வரவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தத்தின் குரலே மாறினால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பக்கம் பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் நல்ல துப்பு, வலது பக்கம் திரும்பினால் அடங்குகிறது என்பது. அப்படித் திரும்பும்போது பாரம் இடது சக்கரங்களுக்குப் போய், வலது சக்கரங்கள் இலேசாகின்றன. இலேசானதும் சத்தம் குறைகிறது என்றால் என் கை வலது பக்கத்தைத்தான் காட்டும். இடது பக்கம் திரும்பும்போது கூடுகிறதா என்றும் கவனியுங்கள். இந்தச் சோதனை சில சமயம் ஏமாற்றும். அதனால் ஜாக்கி போட்டு உறுதி செய்த பிறகே பேரிங்குக்குக் காசு கொடுங்கள்.

மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. நியூட்ரலில் வலது முன் சக்கரத்தை ஒரு கையால் சுழற்றி, மறு கை விரல்களைச் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் மணலை அரைப்பது போல ஒரு அதிர்வு விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காததுகூட அங்கே தெரியும். பின் சக்கரத்துக்கும் இதையே ஹேண்ட்பிரேக்கை விடுவித்துச் செய்யுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இல்லாததாலேயே பேரிங் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆட்டம் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

மாற்றுவதென்றால், எது கெட்டதோ அது மட்டும் போதும். முன் பேரிங் நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இறுக்கமாக உட்காரும் வகை என்றால், சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். அந்த அடி உருண்டைகள் வழியாக ரேஸில் பள்ளம் போடும்; புது பேரிங்கே ஆயிரம் கிலோமீட்டருக்குள் முனகத் தொடங்கலாம். பட்டறையில் பிரஸ் (அடிக்காமல் அழுத்தி ஏற்றும் இயந்திரம்) இல்லையென்றால் நக்கிளைக் கழற்றி, பிரஸ் இருக்கும் லேத் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆக்ஸில் நட் புதிதாக இருக்கட்டும், டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) இறுக்கட்டும். ஏ.பி.எஸ். வண்டிகளில் பல பேரிங்குகளின் ஒரு முகத்தில், சக்கர வேகத்தை அளப்பதற்கான காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் பழைய பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோலில் கழுவி ரேஸைப் பாருங்கள். அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் இருந்தால் சரியானதைத்தான் மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடி போலப் பளபளத்தால், காசு கொடுப்பதற்கு முன் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து 80-இல் ஓட்டிக் காட்டுங்கள்.