பச்சை பிடித்த தோட்டாக்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். சமீபத்தில் ஒரு பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் வாங்கினேன், வெப்ளி மார்க் ஆறு. அதன் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவியிருக்கிறார்கள். அமெரிக்கத் தானியங்கிப் பிஸ்டலுக்கான .45 ஏசிபி தோட்டாவை அரைவட்டக் கிளிப்பில் மாட்டிப் போட்டுச் சுடலாம் என்றார் விற்றவர். கூடவே ஒரு தகர டப்பாவில் பழைய .455 தோட்டாக்கள் கொடுத்தார். எல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கின்றன. பாலிஷ் போட்டுச் சுடலாமா? இல்லை, குண்டைப் பிடுங்கிவிட்டு அதே பித்தளைக் கூட்டில் நானே மருந்து நிரப்பிக்கொள்ளலாமா? இரண்டு தோட்டாக்களுக்கு முனை குழிந்திருக்கிறது, கெட்டுப்போனவை என்று ஒதுக்கிவிட்டேன். காந்தியைப் படிக்கிற நீங்கள் தோட்டா சேர்க்கலாமா என்று என் மனைவி கேட்கிறாள். அதற்கும் நீங்களே பதில் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

மனைவி கேட்டதற்குக் கணவன்தான் பதில் சொல்லவேண்டும். அதில் என்னை இழுக்காதீர்கள்.

சுடுகிற விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சீவிய சிலிண்டரில் .45 ஏசிபி உட்காரும், உண்மைதான். ஆனால் அந்தத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. உங்கள் ரிவால்வர் 1915-ல் வந்த மாதிரி. அது எந்தத் தோட்டாவுக்காகப் பிறந்ததோ அந்த .455-ன் அழுத்தம் இதைவிட வெகு குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உபரியாக வந்த வெப்ளிகளை அமெரிக்கச் சந்தையில் விற்க எளிதாகக் கிடைக்கும் தோட்டா வேண்டியிருந்தது, அதற்காகச் சீவினார்கள். துப்பாக்கியின் நன்மைக்காக இல்லை. இதுவரை வெடிக்கவில்லையே என்று விற்றவர் சொல்லியிருப்பார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், சிலிண்டர் பிளக்கும் நாள் வரைக்கும்.

உங்களுக்குச் சரியான வழி .45 ஆட்டோ ரிம் கூடு. கிளிப் இல்லாமலே அந்தச் சீவிய இடைவெளியை அடைக்கிற மாதிரி தடித்த விளிம்போடு 1920-ல் வந்தது. புதிய கூடு வாங்குங்கள். அடி குழிவான, மென்மையான ஈயக் குண்டு போடுங்கள். வெடிக்கும்போது அடி விரிந்து குழலின் வரிப்பள்ளத்தைப் பற்றிக்கொள்ளும், பழைய வெப்ளிக் குண்டின் சூட்சுமமே அதுதான். மருந்தளவை வெப்ளிக்கென்றே அச்சான அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள். நண்பர் சொன்னார் என்று எதையும் கொட்டாதீர்கள். கடையில் கிடைக்கும் ஆட்டோ ரிம் தோட்டாவை அப்படியே போடவும் வேண்டாம். அழுத்தம் உங்கள் சிலிண்டருக்கு அதுவும் அதிகம்தான்.

இனி அந்த டப்பா. உண்மையில் அதற்காகத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன். சில நாட்களாக இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி சேர்க்கிறவர்கள் இரும்பைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள், தோட்டாவைச் சுட்டுத் தீர்த்துவிடுவார்கள். எனக்கு இது ஒருநாளும் புரிந்ததில்லை. அந்த ரிவால்வர் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்தது. அது எந்த வருஷம் யாருக்குப் பயந்தது, எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதெல்லாம் தோட்டாவில்தான் இருக்கிறது.

.455-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்குப் போலவே தோட்டாவுக்கும் தனியாக மார்க் எண் உண்டு. தோட்டாவின் மார்க் ஒன்று கருமருந்துக் காலத்துச் சரக்கு, கூடு நீளம். கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்ததும் அத்தனை இடம் தேவைப்படவில்லை, 1897-ன் மார்க் இரண்டில் கூடு குட்டையாகிவிட்டது. அடுத்த வருஷம் மார்க் மூன்று. குண்டின் முன்னும் பின்னும் குழி. உடம்பில் பட்டதும் விரியவேண்டும் என்பதற்காகவே செய்தது, அதற்கு ‘மேன்ஸ்டாப்பர்’ என்று பெயர் வேறு. 1899-ல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைத் தடைசெய்தது. கல்கத்தா அருகே டம்டம்மில் செய்த ரைஃபிள் குண்டுகளை வைத்து எழுந்த கூச்சல்தான் அதற்குப் பெரிய காரணம். மறுவருஷமே மார்க் மூன்றைத் திரும்பப் பெற்றார்கள். 1912-ல் தட்டை முனையோடு மார்க் நான்கு, அதிலும் சர்ச்சை. கடைசியில் 1939-ல் ஈயத்துக்கு மேல் உலோக உறை போட்ட மார்க் ஆறு. காந்தியைப் படிக்கிற ஆளுக்கு இந்த வரிசை அலுக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், முனை குழிந்த அந்த இரண்டையும் எங்கே கழித்துப் போட்டீர்கள்? குப்பையிலா? எஸ், உங்கள் டப்பாவில் உருப்படியானவை அவை இரண்டாகவே இருக்கலாம்!

பாலிஷ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெரியவர் தன் சேகரிப்பை எனக்குக் காட்டினார். அன்பான மனிதர், என்னை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். எல்லாம் தங்கம் மாதிரி மின்னின. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்து எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. ஊசி தட்டியதும் தீப்பற்றி மருந்தைக் கொளுத்தும் சின்ன மூடிதான் பிரைமர், அதைச் சுற்றி ஊதா நிறத்தில் மெல்லிய அரக்கு வளையம் இருக்கும். சாதாரணக் குண்டுத் தோட்டா என்பதற்கு பிரிட்டிஷார் வைத்த அடையாளம் அது. ஒன்றில்கூட அது மிச்சமில்லை. பாத்திரம் விளக்குவதுபோல விளக்கி எடுத்திருந்தார். அவரிடம் எதுவும் சொல்ல மனம் வரவில்லை. உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அழகுக்கும் அடையாளத்துக்கும் மட்டும் இதைச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்த தோட்டாக்கள் தானாகவே விரிசல் விட்டன. ஏன் என்று நெடுநாள் பிடிபடவில்லை, 1921-ல்தான் விளக்கம் வந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் ஏற்கெனவே இருக்கும் இறுக்கம், மூன்றும் சேர்ந்தால் கூடு பிளந்துவிடும். குண்டைக் கவ்வும் கழுத்துப் பகுதிதான் முதலில் போகும். பித்தளை பாலிஷ்கள் பலவற்றில் இருப்பதும் அதே அம்மோனியா. உலர்ந்த மெல்லிய துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தால் போதும். களிம்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் அந்தக் கூடுகளில் மருந்து நிரப்புவது. வேண்டாம். அந்தக் காலத்துப் பிரைமரில் பாதரசம் உண்டு, சுட்டதும் பித்தளைக்குள் ஏறி அதை நொறுங்க வைத்துவிடும். கூடவே இருக்கிற பொட்டாசியம் குளோரேட் உப்பாக மாறிக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். குண்டைப் பிடுங்கினாலும் உயிருள்ள பிரைமர் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, சீவிய உங்கள் சிலிண்டரில் .455-ன் மெல்லிய விளிம்புக்குப் பின்னால் இடைவெளி விழும், ஊசி சரியாகத் தட்டாது. ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த டப்பா உங்கள் துப்பாக்கிக்கு உதவாது.

கழித்த இரண்டையும் இன்றே தேடி எடுங்கள். துடைக்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, முனையையும் அடிப்பக்கத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்புங்கள். டப்பாவின் மூடியில் காகிதச் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள், அதையும் ஒரு படம் எடுங்கள்.