ஸ்டோர் கீப்பரின் ஊர்த் திருவிழாவுக்குப் போகும் தம்பிக்கு

நைஜீரியாவின் ஓனிச்சா நகர ஃபேக்டரியில் உங்களுக்குக் கீழே இருக்கும் ஸ்டோர் கீப்பர், இக்போ இனத்துக்காரர், ஆகஸ்டில் புது யாம் கிழங்குத் திருவிழாவுக்குத் தன் ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவர் சிவப்புத் தொப்பியும் கழுகு இறகுமாக நிற்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம் போங்க தம்பி. மேனேஜர் தோரணையை மட்டும் ஓனிச்சாவிலேயே விட்டுவிடுங்கள். அந்தத் தொப்பியும் இறகும் ஓஸோ என்ற பட்டத்தின் அடையாளம். அந்தப் பட்டம் அப்பன் சொத்தாக வருவதில்லை. சொந்தமாகச் சம்பாதித்து, சடங்குக்கும் விருந்துக்கும் வாரி இறைத்து, பட்டம் பெற்ற பெரியவர்கள் சம்மதித்த பிறகே கிடைக்கும். ஓனிச்சா மாதிரி சில ஊர்களை விட்டால் இக்போ நாட்டில் முன்பு ராஜா கிடையாது. சபையில் எடுபட்டது இப்படிப்பட்ட ஆண்களின் பேச்சுதான். பிறகு வெள்ளைக்காரன் வாரண்ட் சீஃப் என்று ஆட்களைப் பிடித்து உட்கார வைத்தான். அந்த சீஃப்களையும் வரியையும் எதிர்த்து 1929-இல் திரண்டவர்கள் பெண்கள். ஆம்பளைகள் கூடிப் பேசும் இடத்தில் இந்தக் கதை அவ்வளவாக வராது!

போய் உட்கார்ந்ததும் தட்டில் கோலாக்கொட்டை வரும், விருந்தாளியை வரவேற்கக் கொடுக்கும் கசப்புக் கொட்டை அது. உடனே எடுத்து வாயில் போட்டுவிடாதீர்கள். தட்டு பங்காளிகளிடம் முறைப்படி கைமாறி வீட்டுக்காரரிடமே திரும்பி வரும். பெரியவர் ஒருவர் அதை வைத்து முன்னோரை வேண்டுவார், அதுவும் இக்போ மொழியில். கோலாவுக்கு இங்கிலீஷ் புரியாதாம். அப்புறம்தான் உடைப்பார்கள். நாலு பருப்பு இருந்தால் இக்போ வாரத்தின் நாலு சந்தை நாளுக்கும் பொருத்தம் என்று சந்தோஷப்படுவார்கள். பெண்கள் உடைக்கக் கூடாது. கூட வேலை செய்யும் இக்போ பெண்கள் சிலருக்கு இதில் எரிச்சல் உண்டு, எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

பட்டக்காரரிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம், அவர் நீட்டட்டும். இடது கையால் எதையும் கொடுக்காதீர்கள். அவரைப் பட்டப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் மலரும். என்ன பெயர் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கடைக்காரர்கள் வந்தால் எத்தனை பையன்களைத் தொழில் பழக்கிக் கடை வைத்துக் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். காரையும் பங்களாவையும் விட அவர்களுக்கு அதில்தான் பெருமை.

முழுக் கொட்டை ஒன்றைக் கையில் கொடுத்தால் அது வீட்டுக்குக் கொண்டுபோக. திங்கட்கிழமை அவர் பழையபடி ‘ஓகா’ (முதலாளி) என்றுதான் உங்களைக் கூப்பிடுவார். நீங்களும் ஸ்டாக் கணக்கு கேட்கலாம், தப்பில்லை.