1947இல் ஒரு ரூபாய் ஒரு டாலருக்குச் சமமாக இருந்ததா?

"சுதந்திரம் வாங்கியபோது ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமம் என்கிறார்களே, அது உண்மையா? பிறகு ஏன் இப்படி விழுந்தது?" என்பது கேள்வி.

உண்மை இல்லை. 1947 ஆகஸ்டில் ஒரு டாலரின் விலை 3 ரூபாய் 31 காசு. அன்றைய கணக்கில் 3 ரூபாய் 4 அணா 11 பை (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை). ஆகஸ்ட் மாதம் வந்தாலே சுற்றத் தொடங்கும் வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள், இல்லையென்றால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள். யாராக இருந்தாலும் என் சொல்லை நம்ப வேண்டாம். மூன்று எண்கள் தெரிந்தால் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

அன்று ரூபாயும் டாலரும் நேராகச் சந்தித்ததில்லை. லண்டன் வழியாகத்தான் கணக்கு. 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். பழைய பவுண்டுக்கு 240 பென்ஸ். 240ஐ 18ஆல் வகுத்தால் ஒரு பவுண்டுக்கு 13.33 ரூபாய். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து 1949 செப்டம்பர் வரை ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். 13.33ஐ 4.03ஆல் வகுத்தால் 3.31. இதில் பலர் சறுக்குவது பென்ஸில்தான். இன்றைய பவுண்டுபோல 100 என்று வைத்துக்கொண்டால் விடை முழுக்கக் கோணலாகிவிடும்.

கணக்கைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. பன்னாட்டு நாணய நிதியத்தில் 1946 டிசம்பரில் பதிவான ரூபாயின் சமமதிப்பு, அதாவது அதிகாரபூர்வ மதிப்பு, 30.225 அமெரிக்க சென்ட், தங்கத்தில் 0.268601 கிராம். 100ஐ 30.225ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 3.31 வரும்.

"1947ஐ விடுங்கள், வெள்ளி ரூபாய்க் காலத்திலாவது சமமாக இருந்திருக்கும்" என்று அடுத்து ஒருவர் வருவார். அதையும் பார்த்துவிடலாம். 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரூபாயின் எடை 180 கிரெயின் (அன்றைய சிறிய எடை அளவு), ஒரு தோலா. பழைய மருந்துக் குறிப்புகளில் வரும் 'ரூபாய் எடை' இதுதான். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, 165 கிரெயின், சுத்த வெள்ளி. அமெரிக்க வெள்ளி டாலரில் சுத்த வெள்ளி 371.25 கிரெயின். வகுத்தால் மிகச் சரியாக இரண்டேகால். நாணயத்தை உருக்கிப் பார்த்தாலும் ஒரு டாலருக்கு இரண்டேகால் ரூபாய் வேண்டும். 1873க்குப் பிறகு தங்கத்துக்கு எதிராக வெள்ளி விலை சரிந்தது, ரூபாயும் கூடவே சரிந்தது. 1893இல், தனியார் கொண்டுவரும் வெள்ளியை நாணயச் சாலைகளில் ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தி, பின்னர் ரூபாயை 16 பென்ஸில் நிலைநிறுத்தினார்கள். அப்போது பவுண்டுக்கு 15 ரூபாய், டாலருக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 1 அணா.

நேர்மையாக ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் விவரம் தெரிந்தவர் யாராவது வந்து பிடித்துக்கொள்வார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்நாட்டு அரசு தங்கத்தோடு தொடர்பில்லாத காகித டாலரை அச்சிட்டது. 1864 ஜூலையில் 100 தங்க டாலர் வாங்க 285 காகித டாலர் வரை கொடுக்க வேண்டியிருந்தது. அன்று ரூபாய் சுமார் 2 ஷில்லிங், தங்க டாலரில் 48 சென்ட் அளவு. ஆக அந்த வாரங்களில் ஒரு ரூபாய் ஒரு காகித டாலரை மிஞ்சியே இருந்தது. அமெரிக்கப் பருத்தி வராமல் இங்கிலாந்தின் நெசவாலை நகரமான மான்செஸ்டர் தவித்ததால் பம்பாய்ப் பருத்திக்குப் பணம் கொட்டிய காலமும் அதுவே. 1947க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"1917இல் ஒரு ரூபாய்க்கு 13 டாலர்" என்று இன்னொரு செய்தி சுற்றுகிறது. அந்த 13 எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது: 1927ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பவுண்டு மதிப்புள்ள சவரன் என்ற ஆங்கிலத் தங்க நாணயத்துக்கு வைத்த விலை 13 ரூபாய் 5 அணா 4 பை. நாம் இன்று எட்டு கிராமைப் 'பவுன்' என்பதே 7.99 கிராம் எடையுள்ள அந்த நாணயத்தை வைத்துத்தான். "பவுன் பதிமூன்று ரூபாய்க்கு விற்றது" என்று பெரியவர்கள் சொன்னதை யாரோ தலைகீழாக்கி, பவுண்டை டாலராகவும் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

"இந்தியாவுக்கு அன்று கடன் இல்லை, அதனால் சமம்" என்பது இன்னொரு வாதம். கடன் இல்லாவிட்டால் நாணயம் சமமாகிவிடும் என்று எந்த விதியும் இல்லை. போர்ச் செலவுக் கணக்கில் பிரிட்டன்தான் நமக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல் தர வேண்டியிருந்தது. அந்த வாதம் சரியென்றால் ரூபாய் பவுண்டையே தாண்டியிருக்க வேண்டும்.

இப்படி எழுதினால் ஆங்கிலேயனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றோ, இன்ன கட்சிக்காரன் என்றோ சிலர் சொல்வார்கள். அவர்கள் 1926ஐப் படிக்க வேண்டும். இந்திய நாணயத்தை ஆராய ஆங்கில அரசு அமைத்த ஹில்டன் யங் ஆணையம் ரூபாயை 18 பென்ஸில் நிலைநிறுத்தச் சொன்னபோது, உறுப்பினராக இருந்த பம்பாய்ப் பருத்தி வணிகர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் 16 பென்ஸ் போதும் என்று மறுப்புக் குறிப்பு எழுதினார். காரணம் எளிது. லண்டனில் ஒரு பவுண்டுக்கு விற்கும் பருத்திக்கு 16 பென்ஸ் கணக்கில் நம் விவசாயிக்கு 15 ரூபாய், 18 பென்ஸ் கணக்கில் 13 ரூபாய் சொச்சம். அவன் கட்டும் நிலவரியும் வட்டியும் மட்டும் அதே ரூபாயில் குறையாமல் நின்றன. மான்செஸ்டர் துணியோ இங்கே மலிவாக வந்து இறங்கியது. ரூபாய் இறங்க வேண்டும் என்று கேட்டது இந்தியத் தரப்பு, ஏற்றிப் பிடித்தது ஆங்கில அரசு. ரூபாயின் உயர்ந்த எண்ணைத் தேசப் பெருமையாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நாணயத்தின் எண் தாழ்ந்திருந்தால் நாடு நலிந்துவிடும் என்பதும் இல்லை. ஜப்பான் 1949இல் டாலருக்கு 360 யென் என்று வைத்தது. அந்த விகிதத்திலேயே இருபது ஆண்டுக்கு மேல் ஏற்றுமதி செய்து வளர்ந்தது.

பிந்தைய வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949 செப்டம்பரில் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80க்கு இறங்கியது, ரூபாயும் உடன் இறங்கி டாலருக்கு 4.76 ஆனது. பாகிஸ்தான் மட்டும் இறங்க மறுத்தது. 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றாகி, கல்கத்தா ஆலைகளுக்குக் கிழக்கு வங்கச் சணல் வருவது தடைப்பட்டது. 1966 ஜூன் 6 அன்று ரூபாய் டாலருக்கு 7.50 என்று இறக்கப்பட்டது. இதை 36.5 சதவீதம் என்பவரும் 57.5 சதவீதம் என்பவரும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் சரி. ரூபாயின் டாலர் மதிப்பு 21 சென்டிலிருந்து 13.33க்குக் குறைந்ததைக் கணக்கிட்டால் 36.5, டாலரின் ரூபாய் விலை ஏறியதைக் கணக்கிட்டால் 57.5. எந்தப் பக்கத்திலிருந்து அளக்கிறோம் என்று சொல்லாமல் சதவீதம் எழுதக் கூடாது. 1991 ஜூலையில் இரண்டு தவணையாக மீண்டும் இறக்கம், 1993 முதல் சந்தை விலை.

வீட்டில் பழைய கடிதங்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தாத்தா எழுதிய கடிதத்தில் 'டாலர்' என்று இருந்தால் அது அமெரிக்க டாலர் அல்ல. மலாயாத் தமிழர்கள் 'வெள்ளி' என்று சொன்ன, பினாங்கு, சிங்கப்பூர் முதலிய ஆங்கிலக் குடியேற்றங்களின் நீரிணைக் குடியேற்ற டாலர் அது. 1906 முதல் அதன் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ். ரூபாய் 16 பென்ஸாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கு ஒன்றேமுக்கால் ரூபாய், 18 பென்ஸ் ஆன பிறகு ஏறக்குறைய 1 ரூபாய் 9 அணா. கடிதத்தின் தேதியைப் பார்க்காமல் பெருக்க வேண்டாம்.

கேட்காததையும் சொல்கிறேன், மன்னிக்கவும். ரங்கூன், பினாங்கு வட்டிக்கடைப் பேரேடுகளும் ஐந்தொகைகளும் (வரவுசெலவு இருப்புக் கணக்குகளும்) இன்றும் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது எடைக்குப் போகின்றன. அரசு குறித்த விகிதம் ஆவணங்களில் கிடைக்கும். எந்த மாதம், எந்த ஊரில், என்ன விகிதத்தில் பணம் உண்மையில் கைமாறியது என்பது அந்தப் பேரேடுகளில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டு இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி எழுதிய தலைப்பு வரி படத்தில் வெட்டுப்படாமல் இருக்கட்டும், அது போய்விட்டால் விகிதத்தைப் பொருத்தவே முடியாது.