கனடா போக மூத்த குடிமக்கள் சேமிப்பை உடைக்கலாமா?

கேள்வி: நான் திருநெல்வேலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், வயது 63. பென்ஷன் மாதம் 38,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு முன் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டேன். வங்கியில் 5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, செப்டம்பரில் முதிர்வு. சேமிப்புக் கணக்கில் 4 லட்சம். மகன் கனடாவில் கால்கரியில் வேலை பார்க்கிறான். கோடையில் நானும் மனைவியும் போக ஆசை. ஒரு டிராவல்ஸில் மே இரண்டாவது வாரம் கிளம்பும் 14 நாள் பேக்கேஜுக்கு ஆளுக்கு 4.9 லட்சம் கேட்கிறார்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தை முடித்துப் பணம் எடுக்கவா, அவர்களே தரும் இ.எம்.ஐ. கடனை வாங்கவா? எனக்குச் சர்க்கரை உண்டு. நயாகரா பார்க்காமல் வரக்கூடாது என்கிறாள் மனைவி.

பதில்: ஐயா, முதலில் அந்த 15 லட்சத்தைத் தொடாதீர்கள். உங்களுக்குத் தேவைப்படும் தொகையை மட்டும் அதிலிருந்து எடுக்க முடியாது, கணக்கையே முடிக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் அசலில் 1 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் பிடிப்பார்கள். அதுகூடப் போகட்டும். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் 30,750 ரூபாய் நின்றுபோகும். அது உங்களுக்கு இரண்டாவது பென்ஷன் மாதிரி. இ.எம்.ஐ. கடனும் வேண்டாம். 63 வயதில் ஊர் சுற்றிய கடனை மூன்று வருடம் கட்டுவானேன்?

ஆனால் பணம் எங்கிருந்து என்பதைவிட, எவ்வளவு தேவை என்பதில்தான் எனக்குச் சண்டை. நீங்கள் அனுப்பிய பேக்கேஜைப் பார்த்தேன். டொராண்டோ, நயாகரா, ஒட்டாவா, மாண்ட்ரியல், அப்புறம் வான்கூவர், ராக்கி மலையில் இருக்கும் பான்ஃப். டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு விமானத்திலேயே ஐந்து மணி நேரம். சென்னை–டெல்லி தூரத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த நாட்டை 14 நாளில் பார்ப்பது என்றால் பாதிப் பணம் பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் கட்டி, ஜன்னல் வழியே பார்ப்பதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் கால்கரி இல்லை! மகன் வீட்டுக்குத் தனிச் செலவு.

தேதியும் சரியில்லை. பான்ஃப் போகிற எல்லோரும் பார்க்க நினைப்பது அந்த நீல ஏரிகளை. மே நடுவில் லேக் லூயிஸ் பனிக்கட்டியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில்தான் உருகும். மொரைன் ஏரிக்குப் போகும் சாலையே ஜூன் தொடக்கம் வரை மூடியிருக்கும். 2023 முதல் அங்கே சொந்தக் காரும் போக முடியாது, முன்பதிவு செய்து ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும். பனியாறு அரைத்துக் கொண்டுவரும் பாறைத்தூள் தண்ணீரில் கலந்தால்தான் அந்த நீலம் வரும், அதற்கு ஜூன் பாதியாவது ஆக வேண்டும். மலிவு என்று மே மாதம் கூட்டிப் போகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது. ஜூன் கடைசியில் அங்கே பள்ளிகள் மூடும். ஜூலை 1 கனடா தினம். ஜூலை முதல் வாரத்தை ஒட்டி கால்கரியில் ஸ்டாம்பீட் திருவிழா தொடங்கும், ஹோட்டல் வாடகை எகிறிவிடும். எனவே ஜூன் 1 வாக்கில் போய்ச் சேர்ந்து 27 வாக்கில் ஊர் திரும்புங்கள். முதல் பத்து நாள் மகன் வீட்டில் ஓய்வு. அங்கே ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், தூக்கம் பிடிக்கவே நாலு நாள் ஆகும். பிறகு பான்ஃப், கால்கரியிலிருந்து சுமார் 130 கி.மீ. தான். கடைசியில் நயாகராவுக்காக டொராண்டோ. போகும்போது கால்கரியில் இறங்கி, திரும்பும்போது டொராண்டோவில் ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாக எடுத்தால், கால்கரிக்குத் திரும்பிப் போகிற செலவு மிச்சம்.

இப்போது கணக்கு. ஒரு கனேடிய டாலரை 70 ரூபாய் என்று வைக்கிறேன், கொஞ்சம் கூட்டி வைப்பதே நல்லது. விசாக் கட்டணம் ஆளுக்கு 100 டாலர், கைரேகைக்கு ஆளுக்கு 85, இருவருக்கும் 370 டாலர்: சுமார் 26,000 ரூபாய். விமானம் ஆளுக்கு 1.3 லட்சம் வீதம் 2.6 லட்சம். காப்பீட்டுக்கு 30,000 ஒதுக்குங்கள். பான்ஃபில் மூன்று இரவுக்கு 63,000, கால்கரி–டொராண்டோ விமானத்துக்கு 35,000, டொராண்டோவில் மூன்று இரவுக்கு 42,000, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் 49,000. கூட்டினால் 5.05 லட்சம். எதிர்பாராததற்கு 50,000 சேர்த்தாலும் ஐந்தரை லட்சம். டிராவல்ஸ் கேட்பது 9.8 லட்சம், அதுவும் மகனைப் பார்க்காமல்.

இதில் சேமிப்புக் கணக்கிலிருந்து 2.55 லட்சம் எடுங்கள். மீதி கையிருப்பாக இருக்கட்டும். இன்னொரு 3 லட்சத்துக்கு அந்த எஃப்.டி. மேலேயே ஓவர்டிராஃப்ட், அதாவது எஃப்.டி.யை உடைக்காமல் அதை ஈடாக வைத்துக் கடன் வாங்குங்கள். பொதுவாக எஃப்.டி. வட்டியைவிட 1 சதவீதம் அல்லது கொஞ்சம் கூடுதல் இருக்கும். 8 சதவீதம் என்றால் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஐந்து மாதத்துக்கு 10,000 ரூபாய். எஃப்.டி. வட்டி பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், முதிர்ந்ததும் கடன் அடைந்துவிடும்.

பேக்கேஜ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் டி.சி.எஸ்., அதாவது பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே அதைப் பிடிப்பார்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். நீங்களே ஏற்பாடு செய்து ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) டாலர் ஏற்றினால் வருடத்துக்கு 10 லட்சம் வரை அந்தத் தொல்லை இல்லை.

விசா வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். கணக்கில் பெரிய தொகையாகக் காட்ட யாரிடமாவது கைமாற்று வாங்கிப் போடாதீர்கள். ஆறு மாத ஸ்டேட்மென்டில் திடீரென்று விழுந்த பணம்தான் முதலில் கண்ணில் படும். உங்கள் பென்ஷனும் மூத்த குடிமக்கள் திட்ட வட்டியும் ஒழுங்காக வருவது அதைவிடப் பெரிய சாட்சி. மகனின் அழைப்புக் கடிதம், வேலைச் சான்று, சம்பள ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள்.

கஞ்சத்தனம் கூடாத இடம் காப்பீடு. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த நாட்டு அரசு மருத்துவத் திட்டம் பொருந்தாது. ஒரு ராத்திரி மருத்துவமனையில் படுத்தால் மொத்தப் பயணச் செலவும் பில்லில் போய்விடலாம். 1 லட்சம் டாலருக்குக் குறையாமல் எடுங்கள். சர்க்கரையை மறைக்காமல் எழுதி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த நிலையில் பணம் தருவார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். பல பாலிசிகள் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் தரும். மகனை அங்கேயும் விலை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கடைகளில் போட்டிருக்கும் விலையில் வரி இருக்காது. கால்கரியும் பான்ஃபும் இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 5 சதவீதம், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் 13 சதவீதம் பில்லில் ஏறும். பரிமாறும் ஹோட்டலில் டிப்ஸும் 15 சதவீதத்துக்குக் குறையாமல் எதிர்பார்ப்பார்கள். கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, டாலரிலா என்று மெஷின் கேட்டால் டாலர் என்றே அழுத்துங்கள். நானும் ஒருமுறை வெளிநாட்டில் நம்ம ரூபாயைத் திரையில் பார்த்த பாசத்தில் அதை அழுத்திவிட்டேன். அவர்கள் போட்ட மாற்று விகிதத்தை ஊருக்கு வந்து ஸ்டேட்மென்டில் பார்த்தபோது பாசம் போய்விட்டது.

கம்பளி உடைக்காக இங்கே பத்தாயிரம் செலவழிக்காதீர்கள், மகனிடம் இருக்கும். ஜூனிலும் பான்ஃபில் இரவு நன்றாகக் குளிரும், ஒரு நல்ல ஜாக்கெட் போதும். ஊர் திரும்பிய சில நாளில், ஜூலை முதல் தேதி வாக்கில், அந்த 30,750 ரூபாய் வட்டி வழக்கம்போல் கணக்கில் விழும். அதை அப்படியே ஓவர்டிராஃப்ட் கணக்கில் கட்டிவிடுங்கள்.