ஃபார்வர்ட் டாட் யுஎஸ் வெறும் எச்1பி விசா லாபி அமைப்புதானா?

பாதி சரிங்க. ஃபார்வர்ட் டாட் யுஎஸ் (FWD.us)ங்கற இந்த அமெரிக்க அமைப்ப 2013ல ஃபேஸ்புக் மார்க் சக்கர்பர்க்கும் இன்னும் சில சிலிக்கான் வேலி ஆளுங்களும் ஆரம்பிச்சப்ப அமெரிக்க குடியேற்றச் சட்டத்த மாத்தணும்ங்கறதுதான் மெயின், கம்பெனிக்கு ஆள் வேணும்ங்கற கணக்கும் அதுல இருந்துச்சு. அந்த வருஷமே செனட்ல குடியேற்றச் சீர்திருத்த மசோதா 68-32ன்னு பாஸ் ஆச்சு, ஆனா பிரதிநிதிகள் சபை ஓட்டுக்கே எடுக்கல. நடுவுல எண்ணெய் திட்டங்கள ஆதரிச்ச செனட்டர்களுக்கு இந்த அமைப்பு விளம்பரம் போட்டதால (இது தேவையா!) அதுல இருந்த ஈலான் மஸ்க்கே விலகிட்டார்.

அப்புறம்தான் ரூட் பெருசாச்சு. சின்ன வயசுல பெத்தவங்களோட வந்து பேப்பர் இல்லாம வளர்ந்தவங்களுக்கான டாக்கா (DACA)ங்கற நாடுகடத்தல்ல இருந்து பாதுகாக்கற திட்டம், ஜாமீன் பணம் இல்லாம விசாரணைக்கு முன்னாடியே ஜெயில்ல கெடக்கறவங்கள வெளிய கொண்டுவர்றது, தேவைக்கு மேல நீண்ட தண்டனைய குறைக்கறதுன்னு எல்லாத்துக்கும் சட்டமன்றங்கள்ல லாபி பண்றாங்க. நம்மாளுங்க மாட்டிக்கிட்டு நிக்கற கிரீன் கார்டு கியூவும், அதான் வருஷா வருஷம் குடுக்கற கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான்ங்கற லிமிட், அவங்க லிஸ்ட்ல உண்டு.