ஏஎம் அலையில் பழைய கன்ட்ரி பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பழைய கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாடல்களை இன்னும் ஏஎம்மில் ஒலிபரப்பும் நிலையங்கள் தாக்குப்பிடிக்குமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: டென்னசியில் நெடுந்தூரம் கார் ஓட்டுகிறேன். நாஷ்வில் 650 ராத்திரியில் எங்கே போனாலும் கேட்கிறது. ஆனால் பக்கத்து ஊர் நிலையம் பொழுது சாய்ந்ததும் காணாமல் போகிறது. இது எப்படி?

பகலில் வானில் மின்னேற்றம் பெற்ற காற்றின் கீழ்ப்பகுதியான டி அடுக்கு, ஏஎம் பயன்படுத்தும் மத்திய அலையை விழுங்கிவிடும். அதனால் தரையை ஒட்டிப் போகும் அலை மட்டுமே நம்மை எட்டும். சூரியன் இறங்கியதும் டி அடுக்கு கரைந்துவிடும். அப்போது அலை இன்னும் உயரத்தில் உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். இது எல்லா நிலையங்களுக்கும் பொது என்பதால் ராத்திரியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் அமெரிக்க ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி, நிலையங்களை வகுப்பு பிரித்து வைத்திருக்கிறது. 650 கிலோஹெர்ட்ஸில் இருக்கும் டபிள்யூஎஸ்எம் 'ஏ' வகுப்பு. இரவும் பகலும் 50,000 வாட், சட்டம் அனுமதிக்கும் உச்சம் அது. உங்கள் பக்கத்து ஊர் நிலையம் பெரும்பாலும் 'டி' வகுப்பாக இருக்கும். அந்த வகுப்பில் சில நிலையங்கள் அந்தி சாய்ந்ததும் சில வாட்டுக்கு இறங்கியாக வேண்டும், சில அணைத்தே விட வேண்டும். பழுது ஒன்றும் இல்லை, உரிமத்தில் எழுதியிருப்பதே அவ்வளவுதான்.

டபிள்யூஎஸ்எம்மின் கோபுரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரென்ட்வுட்டில் 1932-ல் எழுப்பிய, நடுவில் பருத்து இரு முனையும் கூம்பிய வைர வடிவக் கோபுரம் அது. முதலில் 878 அடி. 1939-ல் 808 அடியாகக் குறைத்தார்கள். கோபுரம் மிக உயரமானால் அலையின் ஒரு பகுதி உயர்ந்த கோணத்தில் மேலே கிளம்பி, சீக்கிரமே தரைக்குத் திரும்பும். அங்கே தரையலையோடு மோதி இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 650-க்கு அலைநீளம் சுமார் 461 மீட்டர். 808 அடி என்பது அதில் பாதியைவிடச் சற்று கூடுதல், ஏறத்தாழ 0.53 பங்கு. இப்படி ஒலி மங்கும் வளையத்தை நிலையத்திலிருந்து தள்ளி வைக்க இந்த உயரம்தான் தோது. கோபுரத்தைக் குட்டையாக்கி எட்டும் தூரத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் 1,000 வாட் ஏஎம் நிலையம் பழைய கன்ட்ரி போடுகிறது. இப்போதெல்லாம் விளம்பரத்தில் எஃப்எம் எண்ணை மட்டும்தான் சொல்கிறார்கள். பிறகு ஏஎம்மை ஏன் கட்டி அழ வேண்டும்?

ஏஎம் இல்லாவிட்டால் அந்த எஃப்எம்மும் இல்லை என்பதால்தான்.

நீங்கள் எஃப்எம்மில் கேட்பது தனி நிலையம் அல்ல, டிரான்ஸ்லேட்டர் எனப்படும் மறு ஒலிபரப்பி. அதன் உச்ச சக்தி 250 வாட். ஏஎம் நிலையங்களுக்குக் கைகொடுக்க 2015-ல் எஃப்சிசி கொண்டுவந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு இவை பெருகின. டிரான்ஸ்லேட்டர் கேட்கும் எல்லை, ஏஎம் நிலையத்தின் பகல் நேர 2 மில்லிவோல்ட் வட்டத்துக்குள் (அலையின் வலு மீட்டருக்கு 2 மில்லிவோல்ட்டுக்குக் குறையாத பரப்பு), அல்லது ஏஎம் கோபுரத்திலிருந்து 25 மைல் வட்டத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டில் எது பெரிதோ அது கணக்கு. ஏஎம் வாய் மூடினால் இதுவும் மூட வேண்டும். இரவில் அணைக்கும் பகல் நிலையங்களுக்கு ஒரு சலுகை உண்டு. முந்தைய 24 மணி நேரத்தில் ஏஎம் ஓடியிருந்தால், ராத்திரியில் எஃப்எம் தனியாகப் பாடலாம். பொழுது சாய்ந்ததும் ஊமையாகிக் கிடந்த நிலையங்களுக்கு இது மறுபிறவி என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் டிரான்ஸ்லேட்டருக்கு இரண்டாந்தர உரிமைதான். முழுச் சக்தி எஃப்எம் ஒன்றுக்கு அது இடைஞ்சல் செய்கிறது என்று போதிய நேயர்கள் புகார் கொடுத்தால் வேறு எண்ணுக்கு மாற வேண்டும், முடியாவிட்டால் நிறுத்த வேண்டும். 2019 விதியின்படி மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தது 6 முதல் 25 புகார்கள் தேவை. சிறு நிலைய முதலாளிகள் பலர் எஃப்எம் வந்த தெம்பில் ஏஎம் பராமரிப்பைக் கைவிடுகிறார்கள். இது வேரை வெட்டிவிட்டுக் கிளைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பு இல்லாவிட்டால் ஏஎம் உரிமம் சட்டப்படி தானாகவே காலாவதி ஆகிவிடும், கூடவே எஃப்எம்மும் போகும்.

கேள்வி: நிலையத்தின் நிலத்தை விற்கப் போவதாகப் பேச்சு. ஆன்டெனாவைச் செல்பேசிக் கோபுரத்தில் மாட்டிக்கொள்ளலாமே?

முடியாது. எஃப்எம்முக்கு ஆன்டெனா கோபுரத்தின் உச்சியில் இருக்கிறது. ஏஎம்முக்கோ கோபுரம் முழுவதுமே ஆன்டெனா, அதோடு அந்த ஆன்டெனாவின் மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. அடியிலிருந்து 3 டிகிரிக்கு ஒன்றாக 120 செப்புக் கம்பிகளைச் சக்கர ஆரம்போலப் புதைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் கால் அலைநீளம். 1230 கிலோஹெர்ட்ஸ் நிலையத்துக்குக் கால் அலைநீளம் 61 மீட்டர். மொத்தம் 7.3 கிலோமீட்டர் கம்பி, வழக்கமான 10 கேஜ் செம்பானால் ஏறத்தாழ 340 கிலோ. திருடர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். கம்பி பாதி போனால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும், டிரான்ஸ்மிட்டரும் முழு வாட் காட்டும், ஆனால் சக்தி மண்ணைச் சூடாக்குவதில் வீணாகும். 'திடீரென்று தூரம் குறைந்துவிட்டது' என்று நேயர்கள் சொன்னால், டிரான்ஸ்மிட்டரைத் தொடுமுன் கோபுரத்தடியில் மின்தடையை அளந்து, பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும். ஆரக்கம்பி போனால் அந்த அளவு ஏறும்.

நிலத்துக்கு மாற்று வழி, இன்னொரு ஏஎம் நிலையத்தின் கோபுரத்தில் ஒண்டிக்கொள்வது. இரண்டு அதிர்வெண்களையும் பிரிக்கும் வடிகட்டி வைத்து ஒரே கோபுரத்தில் ஓட்டலாம். எண்கள் மிக நெருங்கியிருந்தால் வடிகட்டி விலை ஏறும், ஒலியும் நெரியும். 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இடைவெளி இருந்தால் நிம்மதி.

என் கணிப்பில் ஏஎம்மின் முதல் எதிரி நேயர் குறைவதல்ல, மனை விலை. வாஷிங்டன் அருகே பெதஸ்டாவில் டபிள்யூஎம்ஏஎல் நிலையத்தின் 75 ஏக்கர் கோபுர நிலம் 74 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. எந்த ஏஎம் நிலையமும் விளம்பரத்தில் சம்பாதித்து அந்தத் தொகையை எட்ட முடியாது. ஊருக்கு வெளியே விலை ஏறாத புல்வெளியில் கோபுரம் இருப்பது ஒரு கன்ட்ரி நிலையத்துக்கு நல்ல ஜாதகம்.

கேள்வி: எதற்கு இத்தனை பாடு? இணையத்தில் மட்டும் ஓட்டினால் என்ன?

காற்றில் போடும் பாட்டுக்கு அமெரிக்க நிலையங்கள் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும்தான் கட்டணம் தருகின்றன. பாடியவருக்கோ பதிவு செய்த நிறுவனத்துக்கோ தருவதில்லை. இணையத்தில் அதே பாட்டுக்கு அவர்களுக்கும் தர வேண்டும், அதுவும் ஒரு நேயர் ஒரு பாட்டைக் கேட்டால் ஒரு கணக்கு என்று. 2021-ல் இலவச ஒலிபரப்புக்கு இந்த விகிதம் 0.0021 டாலர், பிறகு ஏறியிருக்கிறது. அந்தப் பழைய விகிதத்திலேயே போட்டுப் பாருங்கள். சராசரி 400 நேயர், மணிக்கு 12 பாட்டு, தினம் 10 மணி, 30 நாள் என்றால் 14,40,000 தடவை. மாதம் 3,024 டாலர். ஏஎம்மில் நேயர் பத்து மடங்கானாலும் மின்கட்டணம் ஏறாது, இணையத்தில் கூட்டம் கூடக்கூடச் செலவும் கூடும்.

பழைய கன்ட்ரிக்கு இதில் இரண்டு முடிச்சுகள் உண்டு. 1972-க்கு முந்தைய பதிவுகள் முன்பு கூட்டாட்சிப் பதிப்புரிமைக்கு வெளியே நின்றன. 2018-ல் வந்த இசை நவீனமயச் சட்டம் அவற்றையும் டிஜிட்டல் கட்டணத்துக்குள் இழுத்துவிட்டது. அடுத்தது, 3 மணி நேரத்துக்குள் ஒரே பாடகரின் 4 பாட்டுக்கு மேலும், ஒரே ஆல்பத்தின் 3 பாட்டுக்கு மேலும் இணையத்தில் போடக்கூடாது. இசை நிறுவனத்திடம் தனி அனுமதி இருந்தால் விலக்கு. ஒரு பாடகர் இறந்த அன்று நாள் முழுக்க அவரையே போடும் வழக்கம் கன்ட்ரி நிலையங்களுக்கு உண்டு. காற்றில் அதற்குத் தடையில்லை. இணைய ஓடையில் அதையே அப்படியே விட்டால் அந்தக் கட்டணம் கட்டிப் பெறும் சட்ட உரிமத்தின் வரம்பு மீறியதாகிவிடும்.

கேள்வி: என் எலக்ட்ரிக் காரில் ஏஎம்மே இல்லை. சட்டம் வருமா?

எல்லாக் கார்களிலும் ஏஎம் கட்டாயம் என்ற மசோதாவை 2023 மே மாதம் செனட்டர்கள் எட் மார்க்கியும் டெட் குரூஸும் கொண்டுவந்தார்கள், 2025-ல் மறுபடியும் தாக்கல் ஆனது. அதே 2023 மே மாதத்தில் ஃபோர்டு நிறுவனம் ஏஎம்மை நீக்கும் முடிவைக் கைவிட்டது. காருக்குள் நடப்பது இதுதான்: மோட்டாரை ஓட்டும் இன்வர்ட்டர் மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வெட்டுகளின் மடங்குகள் நேராக 540 முதல் 1700 கிலோஹெர்ட்ஸுக்குள் விழுகின்றன. கவசமிட்ட கேபிளும் ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) வடிகட்டியும் போட்டால் அடங்கும், ஆனால் செலவும் எடையும் கூடும். ரேடியோவைச் சட்டத்தால் கட்டாயமாக்கலாம், இரைச்சலைச் சட்டத்தால் விரட்ட முடியாது.

கேள்வி: ஏஎம் முழுவதும் டிஜிட்டலானால் இரைச்சல் தீருமே?

தீரும். 2020 அக்டோபரில் எஃப்சிசி அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டது. மேரிலாந்து ஃபிரெடரிக்கில் டபிள்யூடபிள்யூஎஃப்டி 2018-லேயே சோதனையாக மாறியது. ஆனால் மாறிய நிமிடமே சாதாரண ரேடியோவில் வெறும் சீறல்தான் கேட்கும். பழைய கன்ட்ரி கேட்பவர்களின் பட்டறையிலும் டிராக்டரிலும் இருப்பது அந்தச் சாதாரண ரேடியோதான். செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: நிலையத்தில் தன்னார்வலராகப் பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். சில பாட்டுகள் ஏஎம்மில் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கின்றனவே?

தட்டின் உறையைப் பாருங்கள், 'ஸ்டீரியோவாக மாற்றியது' என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கும். 1960-களில் மோனோ பதிவுகளை இரு பக்கமாகப் பிரித்து, ஒரு பக்கத்தைச் சற்றுத் தாமதப்படுத்தியோ குரல் நிறத்தை மாற்றியோ போலி ஸ்டீரியோ செய்தார்கள். ஏஎம்மில் இரண்டும் மறுபடி சேரும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். அசல் மோனோ தட்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டையும் சேர்க்காமல், தெளிவான ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். டேப்பிலிருந்து ஏற்றினால், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்த பிறகே தொடங்குங்கள். சாய்வு பிசகினால் மோனோவில் ஃபிடிலின் கீச்சொலி முதலில் காணாமல் போகும்.

நிலையம் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை அனுப்பினாலும் பெரும்பாலான ரேடியோக்கள் 3, 4 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டிவிடும். பாடகர் குரலும் ஸ்டீல் கிட்டாரின் இழுவையும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுவதால் இந்த இசை ஏஎம்மில் மற்றவற்றைவிட நன்றாகவே நிற்கிறது.

கேள்வி: நேயர்கள் எதிர்ப்பால் ஏதாவது மாறுமா?

மாறியிருக்கிறது. 2001-ல் டபிள்யூஎஸ்எம்மை விளையாட்டுப் பேச்சு நிலையமாக்க நிர்வாகம் யோசித்தது. நேயர்களும் பாடகர்களும் கொதித்தெழ, யோசனை கைவிடப்பட்டது. ஆனால் 1925 முதல் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை ஒலிபரப்பும் நிலையத்துக்கு இருக்கும் மரியாதை சிறு ஊர் நிலையத்துக்குக் கிடைக்காது. அங்கே கையெழுத்து இயக்கத்தைவிட உள்ளூர்க் கடைக்காரர் பத்துப் பேர் ஓராண்டு விளம்பர ஒப்பந்தம் போடுவது அதிகம் உதவும்.

கேள்வி: வீட்டில் 650 ஒரே இரைச்சல். என்ன செய்யலாம்?

வளைய ஆன்டெனா ஒன்று செய்துகொள்ளலாம். 60 செ.மீ. சதுர மரச் சட்டத்தில் காப்பிட்ட கம்பியை 6 மி.மீ. இடைவெளியில் 10 சுற்றுச் சுற்றுங்கள். சுமார் 25 மீட்டர் தேவை. இரு முனைகளையும் 365 பிகோஃபாரட் மாறு மின்தேக்கியில் (வேரியபிள் கெப்பாசிட்டர்) இணையுங்கள். ரேடியோவுக்கு எந்த ஒயரும் வேண்டாம், சட்டத்தின் நடுவே பக்கத்தில் வைத்தால் போதும். ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும். சட்டத்தின் விளிம்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும். மின்தேக்கியைத் திருப்பினால் ஓரிடத்தில் ஒலி திடீரென்று எழும்பும். அடி எண்கள் எட்டாவிட்டால் ஒரு சுற்றுக் கூட்டுங்கள், மேல் எண்கள் எட்டாவிட்டால் ஒன்றைக் குறையுங்கள்.

அதற்கு முன், பேட்டரி ரேடியோவை வைத்துக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் எல்இடி விளக்கோ சார்ஜரோ சோலார் இன்வர்ட்டரோதான். சார்ஜர் ஒயரை ஃபெரைட் வளையத்தில் ஒருமுறை நுழைத்தால் இந்த அதிர்வெண்ணில் பலன் இராது. பெரிய வளையமாக வாங்கி 7, 8 சுற்றுப் போடுங்கள்.