ஆப்ஷனை அப்புறம் பாருங்க, முதல்ல வினைமுற்றைப் பாருங்க

ஒருத்தர் கேட்ட கேள்வி சுருக்கமா இதுதான்: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கு படிக்கிறேன், பொதுத்தமிழ்ல ‘சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்து நிரப்புக’, ‘ஒலி வேறுபாடு’, ‘பொருத்தமான இணைப்புச் சொல்’ மாதிரி கேள்வி வந்தா நாலு ஆப்ஷனுமே சரி மாதிரி தெரியுது, சொற்பொருள் லிஸ்ட் எல்லாம் மனப்பாடம் பண்ணியும் தப்பாகுது, இன்னும் பெரிய லிஸ்ட்டா படிக்கணுமா?

வேண்டாங்க. லிஸ்ட் பத்தலைங்கறது இங்க பிரச்சனையே இல்ல, வாக்கியத்தை முழுசா படிக்காம ஆப்ஷனுக்கு தாவறதுதான் பிரச்சனை. எங்க ஊர் நூலகத்துல சாயங்காலம் இந்தப் பரீட்சைக்கு படிக்கிற பிள்ளைங்களோட உக்காந்து தமிழ் பாக்குறவன் நான், அங்க திரும்பத் திரும்ப பாக்கறது இதைத்தான். கண்ணு கோடிட்ட இடத்துல போய் நிக்கும், அங்கேருந்து நேரா ஏ பி சி டி-க்கு இறங்கிடும், கோட்டுக்கு அப்புறம் இருக்கிற பாதி வாக்கியம் படிக்காமலே கிடக்கும். தமிழ்ல அந்தப் பாதியிலதான் விஷயமே இருக்கு, ஏன்னா நம்ம வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றுல, அதாவது வாக்கியத்தை முடிச்சு வைக்கிற வினைச்சொல்லுல போய்த்தான் முடியுது, யாரு செஞ்சா, ஒருத்தரா பல பேரா, மனுசனா மாடா, எப்ப நடந்துச்சு, இத்தனையும் அந்த கடைசிச் சொல்லு ஒண்ணே சொல்லிடும்.

சின்னதா ஒண்ணு பாருங்க. ‘வயலில் ______ மேய்ந்தன.’ ஆப்ஷன்ல மாடு, மாடுகள், மாட்டை, மேய்ப்பர் இருக்குன்னு வைங்க. வயல்ங்கற சொல்லு நாலுக்குமே ஒத்துப் போகும், அதனால வயலைப் பாத்துட்டு முடிவு பண்ணவே முடியாது. ‘மேய்ந்தன’ங்கறதுல இருக்கிற ‘அன’ பலவின்பால், அதாவது மனுசரல்லாத பலதைக் குறிக்கறது, அப்ப மாடுகள் மட்டும்தான் உள்ள வரும். மேய்ந்ததுன்னு இருந்தா மாடு. அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல இதுவும் இதே கதைதான், ஆனா திசை மட்டும் மாறும், இங்க முன்னாடி வர்ற எழுவாய்தான் க்ளூ. ‘அவை பழங்கள் ______’ன்னா அல்ல, ‘அது பழம் ______’னா அன்று. பேச்சுல நாம எல்லாத்துக்கும் ‘இல்ல’ போட்டுட்டு போயிடறோம், அதனாலதான் இது பரீட்சையில வந்தா தடுமாறுது.

இப்ப நான் முக்கியமா சொல்ல நினைக்கறது. சுத்தி இருக்கிற சொல்லை வச்சு பொருளைப் பிடிக்கறதுங்கறதை இங்கிலீஷ் கோச்சிங்ல ஏதோ புது டெக்னிக் மாதிரி சொல்லித் தர்றாங்க, ஆனா இது தொல்காப்பியத்துலயே சூத்திரமா இருக்குங்க. சொல்லதிகாரத்துல கிளவியாக்கம்னு முதல் இயல், அதுல பலபொருள் ஒருசொல்லைப் பத்தி பேசற இடத்துல ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ பொருள் தெளிவாகும்னு சொல்லுது. அதாவது ஒரு சொல்லுக்கு பல பொருள் இருந்தா, அதோட வர்ற வினையை வச்சு கண்டுபிடிக்கலாம், கூட நிக்கிற இனச் சொல்லை வச்சு கண்டுபிடிக்கலாம், சொல்ற சூழ்நிலையை வச்சு கண்டுபிடிக்கலாம்.

உரையாசிரியர்கள் இதுக்கு ‘மா’ங்கற ஒரே சொல்லை எடுத்து விளக்கறாங்க. மான்னா மாமரமும் ஆகும், குதிரையும் ஆகும், பொதுவா விலங்குன்னும் ஆகும். ‘மா பூத்தது’ன்னா பூக்கறது மரம்தானே, வினை சொல்லிடுச்சு. ‘மாவும் மருதும் ஓங்கின’ன்னா, இங்க ஓங்கினங்கற வினை மட்டும் போதாது, பக்கத்துல மருதுன்னு ஒரு மரம் நிக்குது பாருங்க, அதோட இனமா சேந்து வர்றதால இதுவும் மரம். கவசத்தை மாட்டிக்கிட்டு ஒருத்தன் ‘மா கொண்டு வா’ங்கறான்னா அவன் கேக்கறது குதிரை, மாங்கன்னு இல்ல, அது சார்பு. இதுக்கு மேல தெளிவா இந்தக் காலத்துல எழுதின எந்த கைடும் சொல்லலைன்னு நான் அடிச்சுச் சொல்வேன். பின்னாடி வந்த நன்னூல் இந்த வரிசையில இடத்தையும் சேத்துக்குது. மளிகைக் கடையில ‘கால் குடுங்க’ன்னா கால் கிலோ, ஆசாரி பட்டறையில ‘கால் ஆடுது’ன்னா கட்டில் காலோ நாற்காலி காலோ, இதுக்கு யாரும் அகராதி பாக்கறதில்ல, நிக்கற இடமே சொல்லிடுது.

ஆக வினை, இனம், சார்பு, இடம். இந்த நாலையும் கேள்வித்தாள்ல அப்படியே போட்டுப் பாருங்க. பலபொருள் ஒருசொல் கேள்வியில அடிக்கடி வர்ற சொல்லு திங்கள். ‘திங்கள் எழுந்தது’ன்னா எழுந்ததுங்கற வினையால நிலா. ‘மூன்று திங்கள் கழிந்தன’ன்னா முன்னாடி எண்ணு இருக்கு, பின்னாடி கழிந்தன இருக்கு, ரெண்டு பக்கமும் சேந்து மாதம்னு காட்டுது. ‘திங்களன்று வந்தான்’னா அன்றுங்கறது ஒட்டியிருக்கு, அதனால கிழமை. திங்கள் = நிலவு, மாதம், ஒரு கிழமைன்னு லிஸ்ட்ல படிச்சவங்களுக்கு மூணு பொருளும் தெரியும், ஆனா இந்த வாக்கியத்துல மூணுல எதுங்கறதை லிஸ்ட் சொல்லாது.

ஒலி வேறுபாட்டுக்கு வருவோம், நிறைய பேருக்கு மார்க் போறது இங்கதான். இதுல காதை நம்பவே முடியாது. நம்ம பேச்சுல பல ஊர்ல ழகரம் ளகரமா போயிடுச்சு, வாளப்பளம்னுதான் சொல்றோம், ர-வும் ற-வும் அனேகமா எல்லாரு வாயிலயும் ஒண்ணாயிடுச்சு, அதனால வாய்விட்டு சொல்லிப் பாத்து எது சரின்னு தேடறது வேலைக்கே ஆகாது. பொருளைத்தான் பிடிக்கணும், பொருளைப் பிடிக்க திரும்பவும் வினைதான். ‘மின்னலின் ______ தெரிந்த சிறிது நேரத்தில் இடியின் ______ கேட்டது.’ ஒலி, ஒளி, ஒழி குடுத்திருக்காங்கன்னு வைங்க. மின்னல், இடின்னு யோசிச்சு குழம்பவே வேணாம், தெரிந்தங்கறது கண்ணோட சம்பந்தப்பட்டது அப்ப ஒளி, கேட்டதுங்கறது காதோட சம்பந்தப்பட்டது அப்ப ஒலி. ஒழி-ன்னா இல்லாமப் போங்கற வினை, அது ‘மின்னலின்’ங்கற சொல்லுக்கு அடுத்து நிக்கவே முடியாது, ‘இன்’ முடிஞ்சு வந்தா அடுத்து ஒரு பேரு வேணும்ல, அந்த வகையிலயே அது வெளிய போயிடுச்சு. ‘ஆற்றங் ______யில் அமர்ந்து சட்டையில் படிந்த ______யைத் துவைத்தான்’, இதுலயும் ஆறு வந்தா கரை, படிந்த, துவைத்தான் வந்தா கறை. கழை, களை, கலை மூணும் வந்தா வயலும் பறித்தலும் இருந்தா களை, ஆடலும் பாடலும் இருந்தா கலை, மூங்கிலோ கரும்போ இருந்தா கழை.

வினை மரபுன்னு, எந்தப் பொருளுக்கு எந்த வினை சேரும்னு கேக்கற ஒரு பகுதி இருக்குல்ல, அங்க கோடு வினையிலயே இருக்கும், அப்ப க்ளூ செயப்படுபொருள்ல இருக்கும். கூடைன்னா முடைந்தான், ஆடைன்னா நெய்தான், அம்புன்னா எய்தான், சுவர்னா எழுப்பினான், சோறு உண்டான், முறுக்கு தின்றான், பால் பருகினான். வீட்டுல நாம சோறுக்கும் முறுக்குக்கும் ‘சாப்பிட்டான்’, பாலுக்கு ‘குடிச்சான்’, அவ்வளவுதான். அதுக்காக பால் குடிச்சான்னு பேசறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், பேச்சு வேற, ஆனா பரீட்சை பாடநூல் மரபைத்தான் கேக்குது. முடைதல்ங்கற சொல்லை தனியா நெட்டுரு போடாம கூடையோட சேத்தே மனசுல வச்சுக்கோங்க, அப்ப கூடைன்னு பாத்த உடனே முடைந்தான் தானா வரும். யானை பிளிறும், மயில் அகவும், ஆந்தை அலறும் எல்லாமும் இப்படி ஜோடியாத்தான் மனசுல தங்கும்.

இணைப்புச் சொல்லு ரொம்ப சுலபம், சுருக்கமா சொல்லிடறேன். ரெண்டு வாக்கியத்துல எது காரணம் எது விளைவுன்னு மட்டும் பாருங்க. காரணம் முன்னாடி வந்தா ஆகையால், அதனால. விளைவு முன்னாடி வந்து காரணம் பின்னாடி வந்தா ஏனெனில். ‘கண்மாய் வறண்டது. ______ மழை பெய்யவில்லை’, மழை பெய்யாததுதான் காரணம், அது பின்னாடி இருக்கு, ஏனெனில். எதிர்பாத்ததுக்கு மாறா நடந்தா ஆனால், எனினும், இருப்பினும். இதுல ஆகையாலையும் ஏனெனிலையும் மாத்திப் போடறதுதான் வழக்கமா நடக்கறது, அதைத் தவிர பெருசா ஒண்ணும் இல்ல.

தெரியாத சொல்லே வந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ஒம்பதாம் வகுப்பு தமிழ்ப் புத்தகத்துல நீர்நிலைகளைப் பத்தி ஒரு உரைநடைப் பாடம் இருக்கு, அதை எடுத்து வச்சு பழகுங்க, இந்தப் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஊருணி, கூவல், உறைகிணறு, ஆழிக்கிணறுன்னு வரிசையா வரும், எல்லாமே தண்ணி சம்பந்தப்பட்டதால இனத்தை வச்சு பிரிக்க முடியாது, இங்க சொல்லுக்குள்ளயே போகணும். ஊருணியை உடைச்சா ஊர் உண்ணும் நீர், அப்ப ‘குடிக்கத் தண்ணீர் மொண்டனர்’னு வாக்கியம் இருந்தா அது ஊருணி, வயலுக்குப் பாய்ச்சினாங்கன்னு வந்தா ஏரி இல்லைன்னா கண்மாய். ஆழின்னா கடல்னு தெரிஞ்சவங்களுக்கு ஆழிக்கிணறு கடலுக்குப் பக்கத்துல தோண்டினதுன்னு சொல்லாமலே விளங்கிடும், உறைகிணறுல உறைன்னா சுடுமண் வளையம், மணல் சரியாம இருக்க உள்ள இறக்கறது, அப்ப வாக்கியத்துல மணற்பாங்கான இடம்னு ஒரு வார்த்தை இருந்தா அதுதான் க்ளூ. கூவல் மட்டும் உடைக்க வராது, உவர் நிலத்துல தோண்டறதுன்னு படிச்சுத்தான் ஆகணும். ‘ஊருணி நீர்நிறைந் தற்றே’ன்னு குறள் 215 இருக்கு, பேரறிவாளன் செல்வம் எல்லாருக்கும் பயன்படறதை சொல்லும்போது வள்ளுவர் ஏன் வேற நீர்நிலையை எடுக்காம ஊருணியை எடுத்தாருன்னு யோசிச்சுப் பாருங்க, அப்புறம் அந்தச் சொல்லை யாரும் உங்ககிட்டேருந்து பிடுங்க முடியாது.

பயிற்சி எப்படின்னா, ஆப்ஷனை கையால மூடிக்கோங்க. வாக்கியத்தை கடைசி வரைக்கும் படிங்க. கோட்டுல என்ன வரணும்னு உங்களுக்குத் தெரிஞ்ச சாதாரண சொல்லு ஒண்ணைப் போடுங்க, பேச்சுத் தமிழா இருந்தாலும் பரவாயில்ல. அப்புறம் கையை எடுத்து அந்த சொல்லுக்கு பக்கத்துல இருக்கிறதைத் தேடுங்க. ஆப்ஷனை முதல்ல பாத்துட்டா ஒவ்வொண்ணையும் வாக்கியத்துல திணிச்சுப் பாக்கத் தோணும், திணிச்சா எல்லாமே உள்ள போற மாதிரிதான் இருக்கும், நீங்க சொல்ற ‘நாலும் சரி மாதிரி தெரியுது’ அங்கேருந்துதான் வருது.

சில வாக்கியத்துல க்ளூவே இருக்காது, அதையும் சொல்லிடணும். ‘மா வீழ்ந்தது’ன்னா மரமும் விழும் குதிரையும் விழும், வினை எதையும் பிரிச்சுக் காட்டல, இந்த மாதிரி இடத்துல சொல்றவன்தான் மாமரம்னு வெளிப்படையா சொல்லணும்னு தொல்காப்பியமே அடுத்த சூத்திரத்துல வச்சிருக்கு. பரீட்சையில அப்படி ஒண்ணு வந்தா அதுலயே உக்காந்துடாதீங்க. தப்பான விடைக்கு குரூப் 4-ல மார்க் குறைக்கறதில்ல, வராத ரெண்டை அடிச்சுட்டு மீதியில ஒண்ணைப் போட்டுட்டு நகருங்க. தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மார்க், அதுல 60 எடுக்கலைன்னா அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க, அதனால ஒரு கேள்வியில அஞ்சு நிமிசம் போறது நல்லதில்ல.

அகராதி பத்தியும் சொல்லிடறேன். அகராதி வேணும், ஆனா மனப்பாடத்துக்கு இல்ல, நீங்க ஊகிச்சதை சரிபாக்க. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை நூலகத்துல கேட்டுப் பாருங்க, அதுல பொருளோட சேத்து எடுத்துக்காட்டு வாக்கியமும் போட்டிருக்காங்க, அந்த வாக்கியத்தைத்தான் முதல்ல படிக்கணும். பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தேர்வாணையத்தோட இணையதளத்துலயே இலவசமா இருக்கு. ஒவ்வொரு கேள்வியிலயும் விடையை டிக் பண்றதுக்கு முன்னாடி, எந்தச் சொல்லு உங்களுக்கு அதைக் காட்டுச்சோ அதுக்கு கீழ பென்சில்ல ஒரு கோடு போடுங்க. கோடு போட ஒரு சொல்லும் கிடைக்கலைன்னா அது ஊகம்னு அர்த்தம், ஓரத்துல ஒரு புள்ளி வச்சுட்டு சாயங்காலம் அந்தப் புள்ளி வச்ச கேள்விகளை மட்டும் எடுத்து அகராதியோட உக்காருங்க.